ஹலாலா, ஹராமா? குமரி மாவட்டத்துச் சாப்பாட்டுத் தட்டு முதல் நகைக்கடன் வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

நண்டு கூடுமா? நகைக்கடன் வாங்கலாமா? கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கேக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? குமரி மாவட்டத்து முஸ்லிம் வீடுகளில் இந்தக் கேள்விகள் ஓயாமல் வரும். பதிலும் உடனே வந்துவிடும். ஒருவர் ஹலால், ஆகும் என்பார், இன்னொருவர் ஹராம், கூடாது என்பார், மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலை நீட்டுவார்.

பட்டியலை நம்பி ரொம்ப தூரம் போக முடியாது. நாளைக்குக் கடைக்கு வரும் புதுப் பொருள் அதில் இருக்காது. அதனால், எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உதாரணங்கள் எல்லாம் நம்ம மாவட்டத்தில் தினமும் கண்ணில் படுபவை.

படி 1: ஆதாரம் காட்ட வேண்டியவர் யார்?

ஃபிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டத்தில் அடிப்படையான ஒரு விதி உண்டு. பொருட்களிலும் உலகக் காரியங்களிலும் எல்லாமே ஆகுமானவை; தடை இருக்கிறது என்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். பூமியில் உள்ள அனைத்தையும் உங்களுக்காகவே படைத்தான் என்ற குர்ஆன் வசனம் (2:29) இதற்கு ஒரு அடிப்படை. வணக்கத்தில் விதி அப்படியே தலைகீழ். தொழுகையோ நோன்போ, சொல்லித் தரப்பட்டதுதான் செல்லும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர்தான் ஆதாரம் தர வேண்டும்.

இது தெரியாததால்தான் பல வீடுகளில் "எதற்கு வம்பு, ஹராம் என்று சொல்லிவிடுவோம்" என்கிற பழக்கம் வந்தது. அதைப் பேணுதல் என்று நினைக்கிறார்கள். ஆனால் நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று பொய் சொல்லாதீர்கள் என்று குர்ஆன் (16:116) எச்சரிக்கிறது. அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை ஹராமாக்கிக்கொள்ளாதீர்கள் என்று தனியாகவும் (5:87) சொல்கிறது. ஹராமை ஹலால் என்பது எப்படிக் குற்றமோ, ஹலாலை ஹராம் என்பதும் அப்படியே. என்னைக் கேட்டால், இரண்டாவது குற்றத்தைத்தான் நம்ம ஊர்களில் அதிகம் பேர் பயமில்லாமல் செய்கிறார்கள்.

படி 2: கட்டங்கள் ஐந்து

ஹலால், ஹராம் என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். சட்ட நூல்கள் ஐந்தாகப் பிரிக்கின்றன: கட்டாயக் கடமை (பர்ளு), செய்தால் நன்மை (சுன்னத்து), செய்தாலும் விட்டாலும் ஒன்று (முபாஹ்), விடுவது நல்லது (மக்ரூஹ்), கட்டாயம் விட வேண்டியது (ஹராம்). ஹனஃபி மத்ஹபில் (மத்ஹபு என்றால் சட்ட வழிமுறை) பர்ளுக்கும், அதற்கு அடுத்த நிலைக் கடமையான வாஜிபுக்கும் இடையே வேறுபாடு உண்டு. மக்ரூஹையும் அவர்கள் இரண்டாகப் பிரித்து, அதில் ஒன்றை ஹராமுக்கு நெருக்கமாக வைக்கிறார்கள்.

பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வருவது நபிகளாருக்குப் பிடிக்காத விஷயம். அதற்காக வெங்காயம் ஹராம் ஆகிவிடாது. எனவே யாராவது "கூடாது" என்றால் உடனே கேளுங்கள்: ஹராமா, மக்ரூஹா? பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

படி 3: குற்றம் பொருளிலா, வழியிலா?

இதுதான் முக்கியமான படி. சில பொருட்கள் தம்மளவிலேயே ஹராம்: தானாகச் செத்தது, ஓடும் இரத்தம், பன்றி, அல்லாஹ் அல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டது (2:173, 5:3), மது (5:90). மற்றவை ஹலாலான பொருட்களே. வந்த வழியாலோ சேர்ந்த ஒன்றாலோ ஹராம் ஆகின்றன. திருடிய பலாப்பழம் பழத்தின் குற்றத்தால் ஹராம் ஆவதில்லை.

அக்கானியை, அதாவது பனம்பதநீரை எடுத்துக்கொள்வோம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் விடியற்காலையில் இறங்குவது அக்கானி. தடவாமல் விட்டால் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்றுதான். சுண்ணாம்பு புளிப்பைத் தடுத்துவிடுகிறது. அக்கானியைக் குடிக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம், அதில் பயறு போட்டுக் கஞ்சியும் வைக்கலாம். கள் ஹராம். தடைக்குக் காரணம் போதை. பனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, சுண்ணாம்பு குறைவாக விழுந்து, மதிய வெயிலில் அக்கானி நுரைக்க ஆரம்பித்தால்? நபிகளாருக்காக உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள்; அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் குடிப்பார்கள், மூன்றாம் நாள் மாலைக்குப் பிறகு மிஞ்சியிருந்தால் கொட்டச் சொல்வார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இனிப்பாக இருக்கும்வரை குடி, புளித்துப் போதைக்கு மாறும் முன் நிறுத்து. நம்ம வெயிலில் மூன்று நாள் கணக்கெல்லாம் எடுபடாது. வாசமும் நுரையும் மாறிவிட்டால் விட்டுவிடுங்கள்.

அதே கள் தானாகவே மேலும் புளித்து வினிகர் ஆகிவிட்டால் ஹலால். போதை போய்விட்டது, தடையும் போய்விட்டது. மனிதர் எதையாவது சேர்த்து வினிகர் ஆக்கினால் ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது, ஹனஃபியில் ஆகும்.

அதிகமாகக் குடித்தால் போதை தரும் பானத்தில் கொஞ்சமும் ஹராம் என்பது ஹதீஸ். எனவே கள் ஊற்றி மாவு புளிக்க வைத்த ஆப்பத்தை, "அதுதான் வெந்துவிட்டதே" என்று சமாதானம் சொல்லிச் சாப்பிட முடியாது. ஈஸ்ட் போட்ட மாவும் இட்லி மாவும் வேறு. எத்தனை இட்லி தின்றாலும் போதை ஏறாது. ஆப்பக் கடையில் "மாவு எதில புளிக்க வைக்கியோ?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இடையில் ஒன்று. நம்ம மலைப்பக்கம் விளைகிற ஜாதிக்காயைப் பற்றியும் பழைய நூல்களில் விவாதம் இருக்கிறது. அதிகமாகத் தின்றால் மயக்கம் தரும் என்பதால் 16ஆம் நூற்றாண்டு ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஹஜர் ஹைத்தமி அதைத் தடுத்தார். அதே மத்ஹபின் இன்னொரு பெரிய அறிஞரான ரம்லி, சிறிதளவு ஆகும் என்றார். பிரியாணி மசாலாவில் ஒரு சிட்டிகை போடுவதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

படி 4: நீங்கள் எந்த மத்ஹபு?

குமரியில் ஷாஃபிஈயும் உண்டு, ஹனஃபியும் உண்டு. ஒருவருக்கொருவர் சம்பந்தமும் செய்துகொள்கிறார்கள். கடல் மீன் கறி வைக்கும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

கடலின் தண்ணீர் சுத்தமானது, அதில் செத்ததும் ஹலால் என்ற ஹதீஸை ஷாஃபிஈ அறிஞர்கள் விரிவாக எடுத்துக்கொள்கிறார்கள். கடலில் மட்டும் வாழ்பவை, மீன் வடிவில் இல்லாவிட்டாலும் ஆகும். அதனால் குளச்சலில் இறங்கும் கணவாயும், தேங்காய்ப்பட்டணத்து இறாலும், பாறையில் பிடுங்கும் சிப்பியும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஹலால். ஹனஃபியில் கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். கணவாய், சிப்பி, நண்டு மீன் கணக்கில் வராது. இறால் மீனா இல்லையா என்று ஹனஃபி ஆலிம்களுக்குள்ளேயே (மார்க்க அறிஞர்களுக்குள்ளேயே) இன்றும் இரண்டு கட்சி. சுறாவும் திருக்கையும் மீன்தான், எல்லோருக்கும் ஆகும். தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபிகள் தவிர்ப்பார்கள். ஷாஃபிஈயில் அதற்குத் தடை இல்லை.

நண்டுக்கு வருவோம். "ஷாஃபிஈ என்றால் நண்டு ஹலால்" என்று பலரும் ஒரே போடாகப் போடுகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிது இல்லை. இமாம் நவவியின் மின்ஹாஜ் நூல், கரையிலும் நீரிலும் வாழ்பவற்றைத் தடை செய்யும்போது தவளையோடு நண்டையும் சேர்த்தே சொல்கிறது. அவரே மஜ்மூஉ என்ற நூலில் கடல் உயிர்களை இன்னும் தாராளமாக அனுமதிக்கிறார். இதை வைத்துத்தான் இன்றைய ஷாஃபிஈ ஆலிம்கள் பலர், வலையில் வரும் கடல் நண்டு வேறு, வயல் வரப்பில் வளை தோண்டும் நண்டு வேறு என்று பிரிக்கிறார்கள். முதலாவது ஆகும், இரண்டாவது ஆகாது.

இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்து இலையை எட்டிப் பார்த்து "ஹராம் தின்கிறான்" என்பது பெரிய தப்பு. மருமகள் ஷாஃபிஈ, மாமியார் ஹனஃபி என்றால் சிப்பிக்கறியைத் தனிச் சட்டியில் வையுங்கள், காரியம் முடிந்தது. ஆமைக்கறிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: கடலாமையை நாட்டின் சட்டமே தடுக்கிறது, மத்ஹபு வரை போக வேண்டாம்.

படி 5: கறிக்கடையில் என்ன பார்க்க வேண்டும்?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 4 சதவீதம். எல்லாக் கறிக்கடையிலும் பிஸ்மில்லா (அல்லாஹ்வின் பெயரால்) சொல்லி அறுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே கறிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விசாரிக்கத்தான் வேண்டும்.

கூரான கத்தி, அறுப்பவர் முஸ்லிம், அல்லாஹ்வின் பெயர், மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இருபுறத்து இரத்தக்குழாய்களும் அறுபடுவது. இந்த நான்கு குழல்களில் குறைந்தது மூன்று அறுபட வேண்டும் என்பது ஹனஃபி. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபட்டால் போதும் என்பது ஷாஃபிஈ. பிஸ்மில்லாவை வேண்டுமென்றே விட்டால் ஹனஃபியில் கறி ஹராம், மறந்தால் பரவாயில்லை. ஷாஃபிஈயில் அது சுன்னத்து. விட்டாலும் கறி ஆகும். யூத, கிறிஸ்தவர்களின் உணவை குர்ஆன் (5:5) அனுமதிக்கிறது. ஆனால் எந்தக் கிறிஸ்தவர், எப்படி அறுத்தது என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. ஷாஃபிஈ நூல்களில் அவை இன்னும் கடுமை. "பக்கத்து வீட்டுக்காரர் வேதக்காரர்தானே" என்று அப்படியே கடந்துபோகக் கூடாது.

பிராய்லர் கடையில் நின்று பாருங்கள். கோழியை அறுத்து டிரம்மில் போட்டதும் அது துடித்து அடங்க வேண்டும். அவசரத்தில் உயிர் அடங்கும் முன்பே சுடுதண்ணீரில் முக்குகிற கடையும் உண்டு. அது மிருகத்துக்குச் செய்யும் கொடுமை, கறி விஷயத்திலும் சந்தேகத்தைக் கிளப்பும். கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுபடும் பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்பது முஸ்லிமில் உள்ள நபிமொழி. லாரிக் கூண்டிலேயே செத்த கோழியை அறுத்தாலும் ஹலால் ஆகாது. அதனால் முழுக்கோழியாகக் காட்டி அறுக்கச் சொல்லுங்கள். "காக்கா, நீங்கதானே அறுக்கிறது?" என்று கேட்டால் எந்த நல்ல கடைக்காரரும் கோபிக்க மாட்டார்.

அதற்கு மேல் துருவ வேண்டாம். சிலர் கறி கொண்டு வருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா என்று தெரியவில்லை என்று கேட்டபோது, நீங்கள் பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடுங்கள் என்றார்கள் நபிகளார் (புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பு). கொண்டு வந்தவர்கள் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள். முஸ்லிம் வீட்டு விருந்தில் உட்கார்ந்து "கோழி எந்தக் கடை?" என்று விசாரணை நடத்துபவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை படிக்கலாம்.

படி 6: அண்டை வீட்டுப் பலகாரமும் பாக்கெட்டும்

ஓணத்துக்குப் பாயசம், கிறிஸ்துமஸுக்குக் கேக், பொங்கலுக்குக் கரும்பு. கறி இல்லாத உணவை அண்டை வீட்டார் அன்போடு தந்தால் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். பிளம் கேக்கில் திராட்சையை ரம்மிலோ ஒயினிலோ ஊறப்போடும் வழக்கம் உண்டு. நெருங்கியவர்கள் என்றால் கேட்டுக்கொள்ளலாம். படைத்த பிரசாதத்தை ஆலிம்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். கொடுப்பவர் முகம் வாடாமல் மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாக்கெட் உணவில் பச்சைப் புள்ளி பெரிய உதவி. இந்திய விதிப்படி பால், தேன் போன்ற சில விலக்குகள் தவிர விலங்கிலிருந்து வந்த எதுவும் அதில் இருக்கக் கூடாது. பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் பயம் அங்கேயே தீர்ந்தது. ஆனால் பச்சைப் புள்ளி ஆல்கஹாலைப் பற்றி எதுவும் சொல்லாது. அதைச் சேர்மானப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். வளைகுடாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வரும் சாக்லேட்டில் புள்ளி இருக்காது. ஜெலட்டின், 471, 120 என்ற எண்களைத் தேடுங்கள். 120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். 471 தாவர எண்ணெயிலும் செய்யப்படும், விலங்குக் கொழுப்பிலும் செய்யப்படும்; எண்ணைப் பார்த்ததும் ஹராம் என்று தூக்கி எறிய வேண்டியதில்லை, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: பணம்

தட்டில் இருப்பதற்கு இவ்வளவு விசாரிக்கிற நாம், பணத்துக்கு வரும்போது மெதுவாகக் கண்ணை மூடிக்கொள்கிறோம். வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கினான், வட்டியை ஹராமாக்கினான் (2:275). வாங்குபவர் மட்டுமல்லாமல் கொடுப்பவரும் எழுதுபவரும் சாட்சிகளும் பாவத்தில் சமம் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது.

நகைக்கடனில் படி 3ஐப் போட்டுப் பாருங்கள். அடகு வைப்பது ஹராமா? இல்லை. நபிகளாரே தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்து வாற்கோதுமை வாங்கினார்கள் (புகாரி). தடை வட்டியில் இருக்கிறது. வட்டியில்லாமல் நகையை ஈடாக வைத்து யாராவது கடன் தந்தால் தாராளமாக வாங்கலாம். ஜமாஅத்துகள் இதற்கென்று ஒரு நிதி வைத்தால், கல்யாண மண்டபம் கட்டுவதைவிட அது பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய நகையைக் கொடுத்து, எடை வித்தியாசத்துக்குப் பணம் கட்டிப் புது நகை வாங்குவது எல்லாக் கடையிலும் நடப்பது. தங்கத்துக்குத் தங்கம் என்றால் எடை சமமாக, கைக்குக் கை மாற வேண்டும் என்பது நபிமொழி. ஒருவர் மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு அளவு கொடுத்து உயர்ந்தது ஓர் அளவு வாங்கியபோது, அதை விற்றுக் காசாக்கி, அந்தக் காசில் இதை வாங்கு என்று நபிகளார் திருத்தினார்கள். கடையில் செய்ய வேண்டியதும் அதுதான். பழைய நகையை முதலில் விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள். பிறகு புதியதை முழு விலை கொடுத்து, அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடக் கூடுதல் வேலை.

மாதச் சீட்டில் எல்லோரும் சமமாகப் போட்டு முறைவைத்து எடுப்பதை ஆலிம்கள் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள்; தள்ளி எடுக்கும் ஏலச் சீட்டில்தான் வட்டிப் பிரச்சினை வருகிறது. தவணையில் பொருள் வாங்கும்போது விலை முதலிலேயே முடிவாகி, பிறகு மாறாமல் இருந்தால் ஆகும். தாமதத்துக்கு வட்டி போடும் ஒப்பந்தம் என்றால் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கியில் தானாக விழும் வட்டியைச் சொந்தத்துக்கு எடுக்காமல், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள் இன்றைய ஆலிம்கள் பலர்.

லாட்டரியைத் தமிழ்நாடு 2003இல் தடை செய்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசே விற்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டம் அனுமதித்தாலும் சூதாட்டம் (5:90) இந்தப் பக்கத்து முஸ்லிமுக்கும் அந்தப் பக்கத்து முஸ்லிமுக்கும் ஹராம்தான்.

மீன் வியாபாரிகளுக்கு ஒன்று. மேலே பளபளவென்று புது அயலை, ஐஸுக்கு அடியில் நேற்றைய அயலை என்று பெட்டி கட்டினால் மீன் ஹலால்தான், அந்த லாபம் அப்படி இல்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபிகளார், மோசடி செய்பவர் என்னைச் சார்ந்தவர் இல்லை என்றார்கள் (முஸ்லிம்).

படி 8: சந்தேகம் வந்தால்

ஹலால் தெளிவு, ஹராம் தெளிவு, இரண்டுக்கும் நடுவே பலருக்குத் தெரியாத சந்தேகமானவை உண்டு; அவற்றைத் தவிர்ப்பவர் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்பது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்.

சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கடைக்காரர் மழுப்புகிறார், ஒப்பந்தத்தில் ஒரு வரி நெருடுகிறது என்றால் விலகுங்கள். காரணமே இல்லாமல் "எண்ணெயில் ஏதாவது கலந்திருக்குமோ" என்று மனம் அரித்தால் அது வஸ்வாஸ், வீண் மன ஊசலாட்டம். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது சட்ட விதி. சந்தேகமானதை நீங்கள் விடலாம், நல்லது. மற்றவருக்கு அதை ஹராம் என்று அறிவிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

படி 9: நிர்ப்பந்தம்

உயிருக்கு ஆபத்து என்றால், வரம்பு மீறாமல் ஹராமையும் உண்ணலாம் (2:173). ஹெபாரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இதயப் பிரச்சினையோடு மருத்துவமனையில் கிடப்பவர் அதை மறுக்க வேண்டியதில்லை. அவசரம் இல்லாத நேரத்தில் மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேட்டு வைக்கலாம். மகள் கல்யாணத்துக்கு நூறு பவுன் போட வேண்டும் என்பது நிர்ப்பந்தத்தில் சேராது.

படி 10: ஆலிமிடம் எப்படிக் கேட்பது?

இவ்வளவுக்குப் பிறகும் தெளியாதவை இருக்கும். பள்ளி இமாமிடம் தொழுகை முடிந்த கூட்டத்தில் நின்று "உஸ்தாதே, லோன் கூடுமா?" என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்? கடன் ஒப்பந்தத்தைக் கையில் கொண்டு போங்கள். உணவென்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். உங்கள் மத்ஹபைச் சொல்லுங்கள். பதில் வந்ததும், எதனால் தடை என்று காரணத்தையும் கேளுங்கள்; அது தெரிந்தால் அடுத்த பொருளுக்கு நீங்களே யோசிக்க முடியும். வங்கி, காப்பீடு, பங்குச்சந்தை போன்றவற்றுக்கு அந்தத் துறையைத் தனியாகப் படித்த ஆலிம் யார் என்று உங்கள் இமாமிடமே விசாரியுங்கள்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லி இன்னொருவரிடம் அனுப்புகிற இமாம் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பிடித்த பதில் வரும்வரை நாகர்கோவிலிலிருந்து தக்கலை, தக்கலையிலிருந்து திருவிதாங்கோடு என்று ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டு அலைவது மட்டும் வேண்டாம்.